கொதிப்பதற்கு முன் கெட்டில் ஏன் இரைகிறது, கொதித்ததும் ஏன் அடங்குகிறது?

கேள்வி | மார்ச் 4, காலை 6.52

மின்கெட்டிலில் தண்ணீர் வைத்தால் கொஞ்ச நேரத்தில் ‘உஸ்’ என்று ஆரம்பித்து, போகப்போக இரைச்சல் கூடுகிறது. ஆனால் தளதளவென்று கொதிக்கும்போது சத்தம் இறங்கிவிடுகிறது. கொதிக்கும்போதுதானே குமிழிகள் அதிகம்? அப்போதுதானே சத்தமும் அதிகமாக இருக்க வேண்டும்? தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுகிற சத்தம் என்று ஒரு பாடக்குறிப்பில் இருக்கிறது. அது சரியா?

பதில் | மார்ச் 4, காலை 8.10

சரியில்லை. கரைந்த காற்று வெளியேறுவது உண்மை. ஆனால் அது சத்தமில்லாமல் நடக்கிற வேலை. சூடு ஏற ஏறத் தண்ணீரால் காற்றைப் பிடித்துவைக்க முடியாது. அதனால் சுவரிலும் அடியிலும் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஒவ்வொன்றாக மேலே போகும். அந்தக் குமிழிக்குள் இருப்பது காற்று. வழியில் அது மறைந்துபோகாது.

இரைச்சல் போடுவது நீராவிக் குமிழி. அடித்தகடு 100 டிகிரியைத் தாண்டியிருக்கும், அதற்கு ஒரு விரற்கடை மேலே தண்ணீர் 75 டிகிரியில்தான் இருக்கும். தகட்டில் பிறந்த ஆவிக்குமிழி வளர்ந்து அந்தக் குளிர்ந்த பகுதிக்குள் தலையை நீட்டியதும் உள்ளே இருக்கும் ஆவி மறுபடியும் நீராகிவிடும். 100 டிகிரியில் ஆவி, அதே எடையுள்ள தண்ணீரைப் போல ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை அடைத்திருக்கும். அது சட்டென்று இல்லாமல் போனால் சுற்றியுள்ள தண்ணீர் நாலா பக்கமும் இருந்து பாய்ந்து வந்து நடுவில் மோதும். அந்த மோதல்தான் ஒவ்வொரு ‘டிக்’கும். வினாடிக்கு ஆயிரக்கணக்கில் டிக் சேர்ந்தால் இரைச்சல்.

ஆகக் கேட்பது குமிழி பிறக்கும் சத்தம் அல்ல, சாகும் சத்தம். தண்ணீர் முழுக்க 100 டிகிரியை எட்டியபின் குமிழி வழியில் சாவதில்லை. மேற்பரப்பு வரை போய் உடைகிறது. அது ‘களகள’ என்ற தாழ்ந்த ஒலி. இரைச்சல் அடங்குவதே கொதி வந்ததற்கு அடையாளம்.

பதில் | மார்ச் 4, காலை 8.40

சுருதி பற்றி ஒரு கணக்கு. தண்ணீரில் இருக்கும் குமிழி ஊதிச் சுருங்கி அதிரும்போது அதன் அதிர்வெண்ணை ஆரத்தால் பெருக்கினால் வினாடிக்கு சுமார் 3.26 மீட்டர் வரும். மின்னார்ட் என்ற விஞ்ஞானி 1933-இல் தந்த வாய்பாடு இது. ஆரம் 1 மில்லிமீட்டர் என்றால் 3,260 ஹெர்ட்ஸ். 3 மில்லிமீட்டர் என்றால் சுமார் 1,090 ஹெர்ட்ஸ். கெட்டிலின் ‘உஸ்’ இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது, பொருந்துகிறது.

கேள்வி | மார்ச் 4, இரவு 9.25

கண்ணாடிக் கெட்டிலில் பார்த்தேன். இரைச்சல் உச்சத்தில் இருக்கும்போது அடித்தகட்டை ஒட்டி ஏதோ நடுங்குகிறது, மேலே ஒரு குமிழிகூட வரவில்லை. நீங்கள் சொன்னது புரிகிறது. ஆனால் தகடு 100 டிகிரியைத் தொட்டதுமே குமிழி வந்துவிட வேண்டாமா? ‘தாண்டியிருக்கும்’ என்று ஏன் சொல்கிறீர்கள்?

பதில் | மார்ச் 5, காலை 7.30

நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தில் 100 டிகிரி என்று இருப்பது, தட்டையான மேற்பரப்பில் ஆவியும் நீரும் சமநிலையில் இருக்கும் வெப்பநிலை. குமிழியின் மேற்பரப்பு தட்டை இல்லை. பரப்பு இழுவிசை அதை உள்நோக்கி நெருக்குகிறது. அந்த நெருக்கலின் அளவு, பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி ஆரத்தால் வகுத்தது.

100 டிகிரி நீருக்குப் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.059 நியூட்டன். ஆரம் 1 மைக்ரோமீட்டர் என்று எடுத்தால் நெருக்கல் 118 கிலோபாஸ்கல், அதாவது இன்னொரு வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல். அதை எதிர்த்து நிற்க ஆவிக்கு 120 டிகிரிக்கும் கூடுதலான சூடு வேண்டும். ஆரம் 10 மைக்ரோமீட்டர் என்றால் நெருக்கல் 11.8 கிலோபாஸ்கல்தான். 100 டிகிரியை ஒட்டி ஆவியழுத்தம் டிகிரிக்கு 3.6 கிலோபாஸ்கல் ஏறுகிறது, ஆகவே 3 டிகிரி சொச்சம் கூடுதலாக இருந்தால் போதும்.

ஒன்றுமில்லாத இடத்தில் குமிழி தொடங்கவே முடியாது, ஏற்கெனவே கொஞ்சம் காற்றோ ஆவியோ சிக்கியிருக்கும் குழி வேண்டும் என்பது இதிலிருந்தே தெரிகிறது. தகட்டில் உள்ள கீறல்களும் உப்புப் படிவின் துளைகளும்தான் அந்தக் குழிகள். உற்றுப் பார்த்தால் குமிழிகள் திரும்பத் திரும்ப அதே புள்ளிகளிலிருந்து மாலை கோத்தாற்போல் கிளம்புவது தெரியும். ஒரு குமிழி பிரிந்து போகும்போது குழிக்குள் கொஞ்சம் ஆவியை விட்டுவிட்டுப் போகிறது. அடுத்த குமிழிக்கு அதுதான் விதை.

மைக்ரோவேவில் வழவழப்பான கண்ணாடிக் குவளையில் தண்ணீர் சூடாக்குவது ஆபத்து என்பதும் இதனால்தான். அங்கே சூடான தகடு இல்லை, குழியும் குறைவு. 100-ஐத் தாண்டியும் நீர் அசையாமல் நிற்கும். கரண்டியையோ தூளையோ போட்டதும் பொங்கிக் கைமேல் அடிக்கும். சூடாக்குவதற்கு முன்பே ஒரு மரக்குச்சியைப் போட்டுவைக்க வேண்டும். சூடாக்கியபின் போடக் கூடாது.

பதில் | மார்ச் 5, காலை 7.50

ஆழத்தையும் கேட்பீர்கள் என்று இப்போதே: 10 சென்டிமீட்டர் தண்ணீர் அடியில் சுமார் 1 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் தரும். கொதிநிலை 0.27 டிகிரி ஏறும். கண்டுகொள்ள வேண்டாம்.

பதில் | மார்ச் 6, மாலை 6.15

திருத்தம். 4-ஆம் தேதி மின்னார்ட் வாய்பாட்டைப் போட்டுப் ‘பொருந்துகிறது’ என்று எழுதியிருந்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். அந்த வாய்பாடு காற்றுக்குமிழிக்கு உரியது. காற்று ஸ்பிரிங் மாதிரி: அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும், அதனால் குமிழி அதிர்கிறது. ஆவி அப்படி எதிர்க்காது. குளிர்ந்த நீரில் அழுத்தினால் நீராக மாறிவிடும். ஸ்பிரிங்கே இல்லாத இடத்தில் ஸ்பிரிங்கின் அதிர்வெண்ணைக் கணக்கிட்டது தவறு. எண் ஒத்துப்போனது தற்செயல்.

ஆவிக்குமிழிக்குப் பொருத்தமான தொடக்கம் இயற்பியலாளர் ராலே பிரபு 1917-இல் போட்ட கணக்கு: நீருக்குள் ஒரு வெற்றிடக்குழி எவ்வளவு நேரத்தில் மூடும் என்பது. மூடும் நேரம் = 0.915 × ஆரம் × (அடர்த்தியை அழுத்தத்தால் வகுத்ததன் வர்க்கமூலம்). ஆரம் 1 மில்லிமீட்டர், அடர்த்தி 970, அழுத்தம் ஒரு வளிமண்டலம் என்று போட்டால் சுமார் 0.09 மில்லிவினாடி. இது கீழ் எல்லை. உள்ளே ஆவி முழுக்க மறையவில்லை என்றால் அது மெத்தைபோல் தடுக்கும், மூடுவது தாமதமாகும். மேலே உள்ள தண்ணீர் சூடாகச் சூடாக இந்த மெத்தை தடிக்கிறது, மோதல் மென்மையாகிறது. கொதி நெருங்கும்போது இரைச்சல் ஒரேயடியாக நிற்காமல் படிப்படியாக இறங்குவது இப்படித்தான்.

இது டக் டக்கென்ற அதிர்ச்சி, ஒற்றைச் சுருதி கிடையாது. அதனால்தான் காதுக்கு ‘உஸ்’ என்று எல்லாச் சுருதியும் கலந்து கேட்கிறது. அதில் கெட்டிலின் உடம்புக்குப் பிடித்தமான சுருதிகள் மட்டும் தூக்கலாக வரும்.

கேள்வி | மார்ச் 6, இரவு 10.02

அப்படியானால் குமிழி மேலே ஏறும் வேகத்தை ஸ்டோக்ஸ் விதியால் (திரவத்தில் மெதுவாக நகரும் சிறு உருண்டைக்கான விதி) கணக்கிடலாமா? 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிக்குப் போட்டுப் பார்த்தேன், வினாடிக்கு 7 மீட்டர் வந்தது.

பதில் | மார்ச் 6, இரவு 10.20

7 மீட்டர் என்றால் 10 சென்டிமீட்டர் தண்ணீரை 14 மில்லிவினாடியில் கடந்துவிடும். கண்ணால் பார்க்கவே முடியாது. பார்க்க முடிகிறதே! உங்கள் பெருக்கல் சரி, விதியைப் பயன்படுத்திய இடம்தான் தவறு. ஸ்டோக்ஸ் விதி ரெனால்ட்ஸ் எண் 1-க்குக் கீழே இருக்கும்போது மட்டும். அந்த எண் வேகம் × விட்டம் × அடர்த்தி ÷ பாகியல் (திரவத்தின் பிசுபிசுப்பு). உங்கள் விடையையே அதில் போட்டுப் பாருங்கள்: 7 × 0.002 × 958 ÷ 0.00028. கிட்டத்தட்ட 48,000 வரும். 2 மில்லிமீட்டர் குமிழி உண்மையில் வினாடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் வேகத்தில்தான் ஏறும். அதன் பின்னால் சுழல்கள் பிரிந்து இழுப்பதால் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும்.

எந்த விடையையும் அதே விதியின் நிபந்தனையில் திரும்பப் போட்டுப் பார்ப்பது அரை நிமிட வேலை. 4-ஆம் தேதி நான் அதைச் செய்திருந்தால் 6-ஆம் தேதி திருத்தம் வந்திருக்காது.

வேறொரு வாசகர் | மார்ச் 8, காலை 11.30

மின்சாரப் பக்கத்தை யாரும் தொடவில்லை. 1,500 வாட், 230 வோல்ட் கெட்டிலுக்கு மின்னோட்டம் 6.5 ஆம்பியர், மின்தடை 35.3 ஓம். 1 கிலோ தண்ணீரை 25-லிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோக 4,186 × 75 = 314 கிலோஜூல். 1,500-ஆல் வகுத்தால் 209 வினாடி, மூன்றரை நிமிடம். ஆனால் யார் அளந்தாலும் நான்கு நிமிடத்துக்குப் பக்கத்தில் வருகிறது. மிச்சம் எங்கே போகிறது?

பதில் | மார்ச் 8, பிற்பகல் 2.05

மூன்று இடங்களில் போகிறது. முதலில் கெட்டிலின் உடம்பு. அரை கிலோ எஃகு என்றால் டிகிரிக்கு 250 ஜூல் குடிக்கும். தண்ணீர் குடிப்பதில் 6 சதவீதம். 75 டிகிரிக்கு 19 கிலோஜூல். 12 வினாடி கூடுகிறது. இரண்டாவது, மேற்பரப்பிலிருந்து ஆவியாவதும் சுவர் வழியாகக் கசிவதும். கடைசி 20 டிகிரியில்தான் இது பெரிது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறக்கிறார்கள்: வோல்டேஜ். மின்தடை மாறாது, ஆகவே திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 வந்தால் திறன் 1,500 அல்ல, 1,134 வாட். 209 வினாடி 277 வினாடியாகிவிடும். வோல்டேஜை அளக்காமல் கெட்டிலின் திறனைக் குறை சொல்லக் கூடாது.

சோதனை செய்பவர்களுக்கு: 100 டிகிரிவரை போகாதீர்கள். எது கொதி என்று ஆளுக்கு ஆள் மாறும், ஆவியும் கணக்கைக் கெடுக்கும். 30-லிருந்து 80 வரை அளந்தால் போதும். தண்ணீரை அளவுக்குவளையில் ஊற்றாமல் தராசில் 1,000 கிராம் நிறுத்து எடுங்கள். 80 வரும் என்று தோன்றும்போது பிளக்கை நிறுத்தி, தண்ணீரைக் கலக்கி, அதன்பின் ஏறி நிற்கும் உச்ச வெப்பநிலையைக் குறியுங்கள். கலக்காவிட்டால் வெப்பமானி எந்த அடுக்கில் இருக்கிறதோ அந்த அடுக்கைத்தான் காட்டும். தவிர, தகட்டில் தேங்கிய வெப்பம் நிறுத்தியபிறகும் தண்ணீருக்குள் வந்துகொண்டிருக்கும். அதுவும் நீங்கள் கொடுத்த மின்சாரம்தான், விட்டுவிடக் கூடாது.

வேறொரு வாசகர் | மார்ச் 8, மாலை 5.40

மின்தடையை மல்டிமீட்டரில் குளிர்ந்த நிலையில் அளந்து திறனைக் கணக்கிடலாமா?

பதில் | மார்ச் 8, மாலை 6.00

பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தால் கெட்டிலுக்குச் சரியாக வரும். கெட்டிலின் சூடேற்றும் கம்பி நைக்ரோம் என்ற கலப்புலோகம், அதன் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது. இதே முறையை டங்ஸ்டன் இழை பல்பில் செய்தால் ஏமாறுவீர்கள்: 60 வாட் பல்பு எரியும்போது 880 ஓம், குளிர்ந்திருக்கும்போது அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

பதில் | மார்ச் 9, காலை 7.10

பிளக் சுடுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், இது பாதுகாப்பு விஷயம். 6.5 ஆம்பியர் ஓடும்போது 1 மீட்டர் நல்ல செம்புக் கம்பி (1 சதுர மில்லிமீட்டர், போக வர 2 மீட்டர்) 0.034 ஓம், ஒன்றரை வாட் சூடுகூட இல்லை. ஆனால் தளர்ந்துபோன ஒரு சாக்கெட் தொடுமுனை 0.5 ஓம் ஆகிவிட்டால் அந்த ஒரு புள்ளியில் 21 வாட். 0.75 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 மீட்டர் நீட்டிப்பு வயரும் ஏறக்குறைய அதே 19 வாட்தான் எடுக்கும், ஆனால் அது 10 மீட்டருக்குப் பரவுகிறது. அதையே சுருட்டி வைத்தால் பரவ வழியில்லை, உறை உருகும். ஆகவே வயரை முழுக்க விரித்துப் போடுங்கள். பிளக்கின் உலோக முனைகள் கறுத்திருந்தால் சாக்கெட்டை மாற்றுங்கள். முனைகளை மட்டும் தேய்த்துச் சுத்தம் செய்தால், தளர்ந்த ஸ்பிரிங் தளர்ந்தபடியே இருக்கும்.

கேள்வி | மார்ச் 11, இரவு 8.45

உப்பு படிந்த கெட்டிலில் இரைச்சல் வேறு மாதிரி இருக்கிறது. உப்பு படிந்தால் கரண்ட் வீணாகும் என்பதும் உண்மையா?

பதில் | மார்ச் 11, இரவு 9.30

சத்தம் மாறுவது எதிர்பார்க்கக்கூடியதே. படிவு முழுக்கத் துளைகள். குமிழி பிறக்கும் இடங்கள் மாறுகின்றன.

கரண்ட் வீணாவது பெரிதும் மிகைப்படுத்தப்பட்ட பேச்சு. கணக்கைப் பாருங்கள். அடித்தகடு 14 சென்டிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு 0.0154 சதுர மீட்டர். 1,500 வாட்டை அதில் சமமாகப் பரப்பினால் சதுர மீட்டருக்கு சுமார் 97 கிலோவாட். அரை மில்லிமீட்டர் எஃகுத் தகட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே இந்த ஓட்டத்துக்கு வேண்டிய வெப்பநிலை வித்தியாசம் 3 டிகிரிதான். அதன்மேல் 1 மில்லிமீட்டர் சுண்ணப் படிவு இருந்து, அதன் வெப்பக் கடத்துதிறன் 1 முதல் 2 வரை இருந்தால், வித்தியாசம் 50 முதல் 97 டிகிரி! ஒரே ஒரு மில்லிமீட்டர் வெள்ளைப் பொருக்கு இதைச் செய்கிறது.

ஆனால் மின்கம்பி அதே 1,500 வாட்டைத்தான் எடுக்கிறது. அந்த வெப்பம் போக வேறு பெரிய வழி இல்லை. தகடு இன்னும் 50 டிகிரி சூடாகி, படிவைத் தாண்டித் தண்ணீருக்குள்தான் தள்ளும். கீழ்ப்பக்கக் கசிவு கொஞ்சம் கூடும், அவ்வளவே. நட்டம் மின்கட்டணத்தில் இல்லை, கம்பியின் ஆயுளில். தகட்டுக்கு அடியில் வறண்டு எரியாமல் காக்கும் கட்-ஆஃப் ஒன்று இருக்கும். அது தண்ணீர் இருக்கும்போதே ‘வறண்டுவிட்டது’ என்று எண்ணி நிறுத்திவிடும். கெட்டில் பாதியிலேயே ஆஃப் ஆகிறது என்று புகார் வந்தால் முதலில் படிவைப் பாருங்கள். சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றி, நுரை நிற்கும்வரை விட்டு, அலசினால் போய்விடும். சுரண்டக் கூடாது.

பதில் | மார்ச் 12, காலை 6.40

நேற்றைய கணக்கில் ஒரு குறை: ‘சமமாகப் பரப்பினால்’ என்று எழுதியிருந்தேன். உண்மையில் கம்பி வளையமாகத் தகட்டுக்குக் கீழே ஓடுகிறது. வளையத்துக்கு நேர்மேலே ஓட்டம் இன்னும் அடர்த்தி. அங்கே வித்தியாசம் நான் சொன்னதைவிடக் கூடும். இரைச்சல் தொடங்கும்போது குமிழிகள் முதலில் ஒரு வட்டமாகத் தோன்றுவதும் இதனால்தான். கண்ணாடிக் கெட்டில் வைத்திருப்பவர் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி | மார்ச் 12, காலை 7.15

ஆமாம், வட்டமாகத்தான் தொடங்குகிறது! இன்னொன்று. மூடியைத் திறந்து வைத்தால் கெட்டில் தானாக நிற்பதே இல்லை. வெப்பநிலையைப் பார்த்து நிற்கிறது என்றால் மூடி திறந்திருந்தாலும் 100 டிகிரி 100 டிகிரிதானே?

பதில் | மார்ச் 12, காலை 8.00

அது தண்ணீரின் வெப்பநிலையைப் பார்க்கவில்லை. கைப்பிடிப் பக்கம் ஒரு ஈருலோகத் தகடு (இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடு) இருக்கிறது. உள்ளிருந்து ஒரு சிறிய வழி ஆவியை அதன்மேல் கொண்டுவந்து ஊதுகிறது. சூடானால் இரண்டு உலோகங்களும் வெவ்வேறு அளவு விரிந்து, குழிந்த தகடு ‘டக்’கென்று மறுபக்கம் புரளும், ஸ்விட்ச் விழும். மூடி திறந்திருந்தால் ஆவி மேலே போய்விடும், தகட்டுக்கு வராது.

இந்த அமைப்பு ஏன் நல்லது? உயரமான மலையில் நீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். 100 டிகிரிக்குக் காத்திருக்கும் ஸ்விட்ச் அங்கே என்றைக்கும் விழாது. ஆவியைப் பார்க்கும் ஸ்விட்ச் எங்கேயும் விழும். கொதிக்கும்போது 1,500 வாட் வினாடிக்கு 0.66 கிராம் நீரை ஆவியாக்குகிறது, அதாவது வினாடிக்கு 1.1 லிட்டர் ஆவி. அவ்வளவு வேகமாக வரும்போது தகடு தவறவிடாது.

மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர்களுக்கு: 1 கிராம் ஆவி தோலில் நீராகும்போது 2,257 ஜூல் தருகிறது. 1 கிராம் கொதிநீர் 37 டிகிரிக்கு ஆறும்போது தருவது 264 ஜூல். மூக்குக்குழாயின் வாயருகே ஒன்றும் தெரியாத இடைவெளிதான் ஆவி. சற்றுத் தள்ளித் தெரியும் வெள்ளைப் புகை ஏற்கெனவே குளிர்ந்த துளிகள். கை படக் கூடாத இடம் அந்தத் தெரியாத இடைவெளி.

பதில் | மார்ச் 14, இரவு 9.10

ஒலி பற்றி விட்டுப்போன ஒன்று. தண்ணீரில் ஒலி வினாடிக்கு சுமார் 1,480 மீட்டர் போகும், காற்றில் 343. இரண்டையும் கலந்தால் இடையில் ஏதோ ஒரு வேகம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். தண்ணீரில் பருமனளவில் 1 சதவீதம் பொடிக் காற்றுக்குமிழி இருந்தால் வேகம் வினாடிக்கு சுமார் 120 மீட்டராக விழுந்துவிடும், காற்றில் இருப்பதைவிடவும் குறைவு! கலவைக்கு எடை தண்ணீருடையது, நெகிழ்ச்சி காற்றுடையது; கனமாகவும் தொளதொளவென்றும் இருப்பதில் அலை மெதுவாகத்தான் போகும்.

இதைக் கையாலேயே பார்க்கலாம். வேகமாகத் திறந்த குழாயிலிருந்து சுடுநீரை உயரமான கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். பால்போல் கலங்கியிருக்கும். உடனே அடியை ஸ்பூனால் தட்டிக்கொண்டே இருங்கள். முதலில் தாழ்ந்த சுருதி. குமிழிகள் வெளியேறி நீர் தெளியத் தெளியச் சுருதி ஏறிக்கொண்டே போகும்.

கேள்வி | மார்ச் 15, காலை 7.05

தட்டிப் பார்த்தேன், ஏறுகிறது. அப்படியே கெட்டிலில் ஒரு முறை கொதித்து ஆறிய தண்ணீரையும் மறுபடி வைத்தேன். சுவரில் பொடிக் குமிழிகள் கிட்டத்தட்ட வரவே இல்லை. இரைச்சல் மட்டும் முன்போலவே வந்தது.

பதில் | மார்ச் 15, காலை 7.20

முதல் கொதியிலேயே காற்று வெளியேறிவிட்டது, பொடிக் குமிழிக்கு ஆளில்லை. ஆவிக்குமிழி மட்டும் மிச்சம். பாடக்குறிப்பு சொன்னபடி இரைச்சல் காற்றால் வருவதென்றால் இரண்டாம் முறை கெட்டில் பேசாமல் இருந்திருக்க வேண்டும்.